வாசகர் கேள்வி – பதில்: கற்றாழை பூக்கும் பருவம்

தை மாதம் பிறந்தது முதல் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல சோற்றுக்கற்றாழையைப் பற்றியே இருந்தன. தொட்டியில் முதன்முதலாகப் பூந்தண்டு எழுந்ததைப் படம் எடுத்து அனுப்பியவர்கள் உண்டு. அதைப் பார்த்து அஞ்சியவர்களும், தங்கள் செடி பூக்கவே இல்லையே என்று வருந்தியவர்களும் உண்டு. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு செடிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாகச் சோற்றுக்கற்றாழை வளர்க்கிறேன். தொட்டி நிறையக் கன்றுகள் இருக்கின்றன. தலைக்கும் முகத்துக்கும் என்று வாரம் இரண்டு மடல்களாவது வெட்டிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுச் செடி மூன்றாம் ஆண்டிலேயே பூத்துவிட்டது. என் செடி பூக்க என்ன உரம் இட வேண்டும்? (வாசகி, மதுரை)

பதில்: உரத்தால் ஆகக்கூடிய காரியம் அன்று இது. உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, மடல் வெட்டுவது. கற்றாழையின் மடல் வெறும் இலை அன்று. அதுவே செடியின் தண்ணீர்த் தொட்டி, அதுவே உணவுக் களஞ்சியம். இரண்டடி, மூன்றடி உயரத்துக்குப் பூந்தண்டை எழுப்பி, அதில் பல பத்துப் பூக்களை வாரக்கணக்கில் தாங்குவதற்கு வேண்டியதையெல்லாம் செடி அந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். வாரம் இரண்டு மடல் போனால், செடி புதிய மடல் விடும் வேகத்தைவிட நீங்கள் வெட்டும் வேகம் கூடிவிடுகிறது. அப்படி வெட்டுப்படும் செடி இழந்ததை ஈடுகட்டுவதிலேயே ஆண்டு முழுவதையும் கழித்துவிடும். எனவே பூவுக்கு ஒரு தொட்டி, சோற்றுக்கு ஒரு தொட்டி என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பூவுக்கான செடியில் ஆடி முதல் மாசி வரை கத்தியே படக்கூடாது. அடியில் தானாகக் காய்ந்து தாளாகிப்போன மடல்களை மட்டும் கையால் உரித்துவிடலாம்.

இரண்டாவது, கன்றுகளின் நெரிசல். தாய்ச்செடியைச் சுற்றிப் பத்துக் கன்றுகள் நின்றால், ஒரே தொட்டி மண்ணில் பதினொரு செடிகள் பங்கு கேட்கின்றன என்று பொருள். விரல் நீளத்துக்குக் குறையாமல் வளர்ந்து, நான்கைந்து மடல்களும் சொந்த வேரும் உள்ள கன்றுகளைப் பிரித்தெடுங்கள். பிரித்த இடத்தில் உள்ள வெட்டு ஆறும்படி இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைத்து, பிறகு நட்டு, நட்ட ஐந்தாம் நாள்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொட்டியில் தாய்ச்செடி ஒன்று மட்டும் நிற்கட்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு, அது வெயில். பால்கனியின் உட்புறச் சுவர் ஓரமாக நிற்கும் கற்றாழை பச்சைப்பசேலென்று அழகாக இருக்கும். ஆனால் பூப்பதற்கு நேரடி வெயில் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். மடல்கள் மேல்நோக்கி நிமிராமல் பக்கவாட்டில் தளர்ந்து விரிந்து கிடந்தால் அது வெளிச்சம் போதாததன் அடையாளம். அதற்காக நாளைக் காலையே மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டாம். நிழலில் பழகிய மடல் திடீர் வெயிலில் வெந்து, பழுப்புத் தழும்பு விழுந்துவிடும். அந்தத் தழும்பு பிறகு மாறுவதே இல்லை. முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் நண்பகல் வரை என்று இரண்டு மூன்று வாரங்களில் மெல்லப் பழக்குங்கள். நல்ல வெயிலுக்கு வந்த செடி சற்றே செம்பழுப்பாக மாறினால் அஞ்ச வேண்டியதில்லை. வெயிலைத் தாங்குவதற்காக மடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் நிறம் அது.

இவை மூன்றும் சரியாக இருந்து, செடிக்கும் மூன்று நான்கு வயது நிறைந்திருந்தால், மழை ஓய்ந்து இரவு குளிர்ந்து மண் காய்ந்து கிடக்கும் மார்கழி, தை மாதங்களில் நடுக்குருத்தை ஒட்டி உற்றுப் பாருங்கள். மடலைப்போல் தட்டையாக இல்லாமல், செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு தாழம்பூ மொட்டுப்போல ஒன்று தலைகாட்டும். அதுதான் பூந்தண்டு. அதைக் கண்ட பிறகு தொட்டியை இடம் மாற்றுவதோ திருப்பி வைப்பதோ வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் கற்றாழை பூத்திருக்கிறது. பூத்தால் செடி செத்துவிடும் என்றும், வீட்டுக்கும் ஆகாது என்றும் சொல்லி, தண்டை வெட்டிவிடும்படி என் மாமியார் வற்புறுத்துகிறார். எனக்கோ மனம் வரவில்லை. உண்மை என்ன? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வெட்ட வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வது பொய்யும் அன்று. அது வேறொரு செடியைப் பற்றிய உண்மை. ரயில் பாதை ஓரங்களிலும் தோட்ட வேலிகளிலும் நட்டு வளர்த்த, நார் உரிக்கப் பயன்பட்ட ஆனைக்கற்றாழையை அவர் சிறு வயதில் பார்த்திருப்பார். மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த அந்தச் செடி பல ஆண்டுகள் பூக்காமலே வளர்ந்து, பிறகு ஒருமுறை இருபது அடிக்கும் மேலாக மரம்போல் தண்டு எழுப்பிப் பூத்து, அத்துடன் பட்டுப்போய்விடும். பூத்ததும் அவ்வளவு பெரிய செடி கண்ணெதிரே சரிந்து விழுவதைப் பார்த்தவர்கள், பெயரில் கற்றாழை என்று இருப்பதெல்லாம் அப்படித்தான் என்று எண்ணியதில் வியப்பில்லை.

சோற்றுக்கற்றாழை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. மடலைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம். ஆனைக்கற்றாழை மடலை ஒடித்தால் நார் நாராக இழுபடும். நுனியில் ஊசிபோன்ற கடினமான முள் இருக்கும். சோற்றுக்கற்றாழை மடல் வெள்ளரிக்காய்போல் மொடுக்கென்று ஒடியும். உள்ளே கண்ணாடிபோல் சோறு இருக்கும். ஓரத்து முள் கையைக் கிழிக்காது. இது பூத்த பிறகும் தொடர்ந்து மடல் விடும், கன்று ஈனும், அடுத்த ஆண்டும் பூக்கும். நன்கு வளர்ந்த செடி ஒரே பருவத்தில் இரண்டு தண்டுகள்கூட விடுவதுண்டு.

வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்பது நம்பிக்கையைச் சேர்ந்தது. அதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பூத்த செடி நலமாக இருக்கிறது, அதற்கு வெயிலும் காற்றும் வேண்டிய அளவு கிடைக்கிறது என்பது உறுதி. அதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் காலையில் அவரையே தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். தேன்சிட்டு வருவதைப் பார்த்த பிறகு வெட்டச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பின் என் கற்றாழையின் அடி மடல்கள் கொழகொழத்து, பழுப்பு நீர் வடிகிறது. நடுக்குருத்து இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? (வாசகர், கடலூர்)

பதில்: நடுக்குருத்து பச்சையாக இருக்கும் வரை முடியும், ஆனால் இன்றே செய்ய வேண்டும். நடுக்குருத்தை இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் செடி பிழைக்கும். கையோடு வந்துவிட்டால், அல்லது அடியில் அழுகல் வாடை வந்தால், தாய்ச்செடி போய்விட்டது. பக்கக்கன்று ஏதேனும் கெட்டியாக இருந்தால் அதை மட்டும் எடுத்துக் காப்பாற்றுங்கள். ஒடிந்த மடலை மண்ணில் செருகி வளர்க்கலாம் என்று பலர் முயல்கிறார்கள். மடலில் துளிர்க்கும் கண் கிடையாது; அது அழுகத்தான் செய்யும்.

செடி பிழைக்கும் நிலையில் இருந்தால், தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெளிர் மஞ்சளாகவும் விறைப்பாகவும் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, இழுத்தால் தோல் கழன்று வரும். கொதிநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். உள்ளே பழுப்பே தெரியாத நல்ல பகுதி வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். பாதியில் இரக்கப்பட்டு நிறுத்தினால் எஞ்சிய அழுகல் மறுபடி பரவும். வேரே மிஞ்சாமல் அடித்தண்டு மட்டும் மிஞ்சினாலும் கவலை வேண்டாம். வெட்டிய இடத்தில் அடுப்புக்கரித் தூளைத் தூவி, காற்றோட்டமான நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் வரை வெறுமனே போட்டுவையுங்கள். வெட்டு வாய் காய்ந்து தோல் கட்டியதும், ஈரமில்லாத புது மண் கலவையில் நட்டு, மேலும் ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மண் கலவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, கொரகொரப்பான மணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு என்பது நம் ஊர் மழைக்குத் தாங்கும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் எடுப்பதானால், அதிலுள்ள மாவுபோன்ற தூள் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சேருங்கள். அலசாமல் போட்டால் அந்தத் தூள் சிமெண்டுபோல் இறுகித் தண்ணீரைத் தேக்கிவிடும். தொட்டியின் அடியில் ஜல்லியைத் தடிமனாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. மண்ணின் ஈரம் ஜல்லிக்கு மேலேயே தங்கி நின்றுவிடும். துளையின் மேல் ஒரு ஓட்டுச்சில்லு போதும். செங்கல் துண்டுகளைக் கலவை முழுவதும் சேர்ப்பதுதான் பலன் தரும். தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருக்கட்டும்; மண் தொட்டியானால் மிக நல்லது. அடித்தட்டை எடுத்துவிடுங்கள்.

உங்கள் மாவட்டத்தில் ஐப்பசி முதல் கார்த்திகை முடியும் வரை கற்றாழைக்கு நீங்கள் ஊற்றும் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். மழை நேரடியாக விழாத தாழ்வாரத்துக்குத் தொட்டியை மாற்றிவிட்டால் அதுவே பராமரிப்பு. கோடையில்கூட ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு அங்குல ஆழம் வரை விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது நன்றாக, துளை வழியே வெளியேறும் வரை ஊற்றுங்கள்.

கேள்வி: என் கற்றாழை ஆரஞ்சு நிறத்தில் பூத்திருக்கிறது. உண்மையான சோற்றுக்கற்றாழை மஞ்சளாகத்தான் பூக்கும் என்கிறார் நண்பர். நான் ஏமாந்துவிட்டேனா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஏமாறவில்லை. நண்பர் சொல்வதிலும் பிழையில்லை. ‘அலோ வேரா’ என்று தாவரவியல் நூல்கள் வரையறுக்கும் செடியின் பூ மஞ்சள்தான். இதன் தாயகம் அரேபியத் தீபகற்பம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இதைத் தனி இனமாகக் கொள்ளாமல் வேறோர் இனத்தின் வகையாகவே எழுதினார். நிக்கோலாஸ் பர்மன் 1768-இல் இப்போதைய பெயரை வெளியிட்டார். அதே ஆண்டில் சில நாட்கள் பிந்தி, பிலிப் மில்லர் ‘அலோ பார்படென்சிஸ்’ என்று இன்னொரு பெயரிட்டார். முந்தி வந்த பெயருக்கே உரிமை என்பது விதி; ஆனாலும் சோப்பு, களிம்பு உறைகளில் இந்த இரண்டாம் பெயரை இன்றும் காணலாம். அரேபியாவிலிருந்து கடல் கடந்து கரீபியக் கடலில் உள்ள பார்படோஸ் தீவு வரை சென்று பயிரான செடி என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

ஆரஞ்சு பூப்பது அதற்கு மிக நெருங்கிய உறவு. நாற்றுப் பண்ணைகளில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். மஞ்சள் பூச் செடியின் கன்றுகளில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலும் முதிர முதிர மறைந்து மடல் சாம்பல் பச்சையாகிவிடும். ஆரஞ்சு வகையில் வளர்ந்த பின்னும் புள்ளிகள் ஓரளவு தங்கியிருக்கும். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. பூவின் அழகுக்காக என்றால், என் விருப்பம் உங்களிடம் இருக்கும் ஆரஞ்சு வகைதான்.

கேள்வி: திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை, மண்ணும் நீரும் இல்லாமல் மூன்று மாதம் கழித்துப் பூத்திருக்கிறது. இது எப்படி? (வாசகி, சென்னை)

பதில்: பல வீட்டு வாசல்களில் இதைக் காணலாம். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது கூடவே நீரையும் இழக்கின்றன. கற்றாழை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிரில் திறந்து காற்றை வாங்கி அமிலமாகச் சேர்த்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக்கொண்டு உணவு சமைக்கிறது. அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. மடலில் உள்ள சேமிப்பைக் கொண்டே அது பூத்துவிடுகிறது. தண்டைக் கவனித்தீர்களானால், செடி தலைகீழாகத் தொங்கினாலும் பூந்தண்டு மட்டும் வளைந்து வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும். புவியீர்ப்புக்கு எதிர்த்திசையை உணர்ந்து வளைவது தண்டின் இயல்பு.

ஆனால் அந்தச் செடி தன்னையே தின்று உயிர் வாழ்கிறது என்பதை மறக்கக்கூடாது. மடல்கள் மெலிந்து உட்புறமாகக் குழிந்திருப்பதைப் பாருங்கள். பூ முடிந்ததும் அவிழ்த்து, காய்ந்த வேர்களைக் கத்தரித்துவிட்டுத் தொட்டியில் நட்டுவிடுங்கள். வாசலுக்கு வேண்டுமானால் வேறொன்றைக் கட்டிக்கொள்ளலாம். மூன்று மாதம் காவல் நின்ற செடிக்கு இனி மண் கிடைப்பதே முறை.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். கற்றாழையின் மடல் நுனிகள் காய்ந்து வருகின்றன. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சுண்ணக்கல் நிலத்துக் கிணறு என்பதால் அந்த வெள்ளைப் படிவு. கற்றாழை ஓரளவு உப்பையும் சுண்ணாம்பையும் தாங்கும்; ஆனால் தொட்டி மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் சேரும்போது நுனி கருகும். மாரி காலத்தில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்து அதையே ஊற்றுங்கள். முடியாவிட்டால், மழை நின்று வெயில் தொடங்கும் மாசியில் ஒருமுறை, பிடித்து வைத்த மழைநீரைத் தொட்டியில் இரண்டு மூன்று வாளி தொடர்ந்து ஊற்றி உப்பை வடித்துவிட்டு, நன்கு காயவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுவதும் வேண்டும்.

கேள்வி: மடல் இடுக்குகளில் பஞ்சுபோல் வெள்ளைப் பூச்சி. எறும்பும் ஏறுகிறது. (வாசகர், திருச்சி)

பதில்: மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. பழைய பல்துலக்கியைக் கொண்டு முதலில் தேய்த்து அகற்றுங்கள். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்த பின் இடுக்குகளில் படும்படி தெளித்து, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்யுங்கள். எண்ணெய் தெளித்த மடலை மறுநாள் நண்பகல் வெயிலில் விடக்கூடாது.

கேள்வி: வீட்டுக் கற்றாழையை அப்படியே அரைத்துக் குடிக்கலாமா? (வாசகி, சேலம்)

பதில்: அப்படியே கூடாது. தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் கடுமையாகப் பேதியாக்கும். அதைக் காய்ச்சி இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மூசாம்பரம். அமெரிக்காவில் கடைகளில் மருத்துவர் சீட்டின்றி விற்கப்பட்ட மலமிளக்கி மருந்துகளில் இதைச் சேர்ப்பதை 2002-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்தியது. வெட்டிய மடலைக் கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்திப் பாலை வடித்து, தோலைச் சீவி, சோற்றை ஏழு முறை அலசுவது நம் முன்னோர் வழக்கம். அது காரணமில்லாத வழக்கம் அன்று. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் உட்கொள்ளவே வேண்டாம். மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாய், பூனைக்கும் இது ஆகாது.

கேள்வி: பூக்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன, காய் பிடிக்கவில்லை. விதை எடுக்க முடியாதா? காய்ந்த தண்டை எப்போது வெட்டுவது? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கற்றாழைப் பூ தன் மகரந்தத்தால் தானே காய்ப்பது அரிது. நம் வீடுகளில் உள்ள செடிகளோ பெரும்பாலும் ஒரே தாயின் கன்று, அந்தக் கன்றின் கன்று என்று வந்தவை. பத்துத் தொட்டி இருந்தாலும் அவை ஒரே செடிதான். அதனால் காய் பிடிப்பதில்லை. கன்று இருக்கும்போது விதைக்காக வருந்த வேண்டாம்.

காய் இல்லை என்றாலும் பூவில் தேன் உண்டு. எங்கள் மொட்டைமாடியில் சென்ற மாசியில் ஒரு தண்டை நாள்தோறும் கவனித்து வந்தேன். மொட்டுகள் மேல்நோக்கி நிற்கும். மலரும் தறுவாயில் ஒவ்வொன்றும் தலை கவிழும். கீழ் வரிசையிலிருந்து மேலே ஏறி ஏறி மலர்ந்ததால், ஒரே தண்டில் உச்சியில் பச்சை மொட்டும், நடுவில் திறந்த குழல்களும், அடியில் வாடிய பூக்களும் சேர்ந்திருந்தன. காலை ஏழு மணிக்குள் ஊதாத் தேன்சிட்டு ஒன்று வந்துவிடும். தண்டைப் பற்றிக்கொண்டு, தலையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி, வளைந்த அலகைக் குழலுக்குள் செலுத்தும். நெற்றியில் மஞ்சள் பொடி அப்பிக்கொள்ளும். வாடிய பூவை ஒருமுறையும் அது தொட்டுப் பார்த்ததில்லை.

ஆகையால் உச்சி மொட்டும் மலர்ந்து உதிரும் வரை தண்டு நிற்கட்டும். தண்டு முழுவதும் வைக்கோல் நிறமாகக் காய்ந்த பிறகு, மடல்களுக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள். எஞ்சிய அடிக்கட்டை சில வாரங்களில் தானே கழன்றுவிடும். பச்சையாக இருக்கும்போது பிடித்து இழுத்தால் குருத்தின் ஓரம் கிழிந்து அங்கே நீர் தங்கும். வெட்டிய பின் ஒரு பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டு, ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.